மிச்சமிருந்த வேகம்

மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் மத்தியானம் சாப்பிடுகிற மெஸ்ஸில், இலை எடுக்க வரும் ஆள் அண்ணாச்சியின் இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவான். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "அரே, சேட் கோ அபி தக் பரோசா நஹி க்யா?" என்று சத்தம் போடுவான். அவருக்கு இன்னும் பரிமாறவே இல்லை என்று நினைத்துக்கொள்வான். இலை அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

முருங்கைக்காயைச் சக்கையாக்கி, அந்தச் சக்கையையும் இன்னொரு தடவை மென்று, இனி வேறு வழியே இல்லை என்றானபிறகுதான் ஓரமாக வைப்பார். கறிவேப்பிலை, ரசத்தில் கிடக்கும் மிளகாய், ஊறுகாய் விட்ட எண்ணெய் எல்லாம் உள்ளே போய்விடும். தன் இலை முடிந்ததும் என் இலையைப் பார்ப்பார்.

"மாமி, அந்த அவியலு ஒங்களுக்கு என்ன கெடுதி செஞ்சிச்சு?"

"போரும் அண்ணாச்சி. வயறு நெறஞ்சாச்சு, கேட்டேளா?"

"வயிறு நெறையுதது வேற, எல தீருதது வேற."

எனக்கு எரிச்சலாக வரும். அவரைவிடப் பத்து வயது சின்னவளான என்னை மாமி என்று கூப்பிடுவதே ஒரு எரிச்சல். அதற்கு மேல் என் இலைக்கும் கணக்கு கேட்பது இன்னொரு எரிச்சல். ஆனால் அந்த அவியலை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாமல் நான் எழுந்ததில்லை.

எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவிலேயே தங்கிவிட்ட குடும்பம். ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, அண்ணாச்சியின் தோல் பை கம்பெனிக்கு ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்க வந்து சேர்ந்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பட்டறை தாராவியில், ஆபீஸ் சயானில், வீடு செம்பூரில். கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பீகாரிலிருந்து வந்த தையல்காரர்கள்கூட, ஏதோ பதவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, 'அண்ணாச்சி' என்றே கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன். அவர் இப்போது இல்லை.

எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பதுதான் அண்ணாச்சி. அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. பட்டறையில் ஒரு தோலை விரித்தால் முதலில் பை வெட்டுவார்கள். மீந்த இடத்தில் பர்ஸ். அதிலும் மீந்ததில் சாவிக்கொத்துப் பட்டை. அதற்கும் ஆகாத துணுக்குகளை அவரே உட்கார்ந்து வட்ட வட்டமாக வெட்டி, பித்தளைப் பொத்தானுக்கு அடியில் கொடுக்க வைத்துக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி குப்பைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, இன்று பட்டறைக்கு விடுமுறையா என்று என்னிடம் கேட்டார்.

சின்ன வயதில் பட்டினி கிடந்தவர், அதனால்தான் இப்படி என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"யாரு சொன்னா? எங்கப்பா அரிசி மண்டி வச்சிருந்தாரு. எங்க வீட்டுல நாய்க்குக்கூட நெய்ச்சோறு. பசியெல்லாம் இல்ல மாமி. ஒண்ணு நம்ம கைக்கு வந்துட்டுன்னா அத முழுசா வாங்கிக்கிடணும். பாதில விட்டா அது நம்மள வையும்."

அந்தப் பழக்கம் மனிதர்கள் பக்கமும் திரும்பும். அப்போது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. பழைய வெட்டுக்காரர் ஒருவர் ஓய்வு பெற்ற நாளில், மூன்று மணிக்கே மாலை போட்டு, பேடா கொடுத்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தாயிற்று. பெரியவர் செருப்பை மாட்டப் போனார். "இன்னும் ஷிஃப்டு முடியலைலா?" என்றார் அண்ணாச்சி. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த மனிதர் ஆறு மணி வரை தோல் வெட்டினார். எங்களுக்கெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கூடவே உட்கார்ந்து அண்ணாச்சியும் வெட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அன்று எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

தன் உடம்பையும் அவர் அப்படித்தான் நடத்தினார். சர்க்கரை வியாதி வந்து பல வருஷம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு ஆபீஸுக்கு வரும் இனிப்புப் பெட்டிகளில் கடைசியாகக் கிடக்கும் உடைந்த ஜிலேபி, கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை ஊற்றிவிட்டுப் போன பாயசம், கோயில் சர்க்கரைப் பொங்கல், எதையும் அவரால் விட்டுவிட்டு வர முடியாது. அவர் மனைவியை நான் 'அக்கா' என்று கூப்பிடுவேன். அந்த அக்கா ஒருமுறை என்னிடம், "இவுக ஆசைப்பட்டுத் திங்கலை, கேட்டியளா. அது அங்கன கெடக்கேன்னு திங்காவ" என்று சொல்லி அழுதாள்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அந்தக் காரை வாங்கினார்.

அதற்குக் காரணமாக இருந்தது ஒரு ஆர்டர். இத்தாலிக் கார் ஒன்றின் டிக்கிக்குள் கச்சிதமாக உட்காரும்படி தோல் பெட்டிகள் செய்து தர வேண்டும். அந்த மாதிரிக் காரை ஹைப்பர்கார் என்பார்களாம். அதில் டிக்கி முன்பக்கம் இருக்கும், எஞ்சின் பின்பக்கம். டிக்கியின் அளவுக்கு ஒரு மரச்சட்டம் செய்து அனுப்பியிருந்தார்கள். அது எங்கள் பட்டறையில் பல மாதங்கள் கிடந்தது. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவுதான் இருக்கும். அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"இத்தினிக்கூண்டு எடம் விட்டுட்டு மிச்சத்துல என்னத்த வச்சிருக்கான் மாமி?"

"எஞ்சினாக்கும்."

"அவ்வளவு பெரிய எஞ்சின் எதுக்கு?"

எனக்கென்ன தெரியும். வேகமாகப் போகத்தான் என்றேன். பெட்டிகள் எல்லாம் கப்பலேறிப் போன பிறகு, ஒருநாள் அந்தக் காரை விற்கிற கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விற்பனைக்காரன் சொன்ன இரண்டு விஷயங்களை என்னிடம் வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று நொடிகூட ஆகாது. முழுதாக மிதித்தால் முந்நூற்றைம்பது வரை போகும்.

விலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நம்ப மாட்டீர்கள். காரின் விலை ஒன்று, அதன்மேல் சுங்கம் ஒன்று, அதற்கும் மேல் பதிவு, இன்ஷூரன்ஸ் என்று, ஒரு காரைத் தெருவில் இறக்க இரண்டரைக் காரின் காசு ஆயிற்று. நாசிக் ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த நிலம் போயிற்று. இரண்டாவது பட்டறைக்காகச் சேர்த்ததும் போயிற்று. வந்து நின்ற காரைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இவ்வளவு குடுத்து ஏங்க சாம்பக் கலரு?"

"அழுக்கு தெரியாதுட்டி."

தாராவியில் அவர் வழக்கமாகப் போகும் பிள்ளையார் கோயிலில் பூஜை. கோட்டு போட்ட விற்பனைக்காரன் கூடவே வந்திருந்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது அவன் முகம் வெளுத்தது. திருஷ்டிப் பூசணிக்காயைப் பட்டறைக்காரர் ஒருவர் தலைக்குமேல் தூக்கியபோது, "சார், ப்ளீஸ், தூர்... தூர்..." என்று, தள்ளிப் போய் உடைக்கச் சொல்லி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான். அதற்குள் பூசணிக்காய் தரையில் இறங்கிவிட்டது. ஒரு பெரிய துண்டு எகிறிப் போய்க் காரின் முன்வாயில், தரையை ஒட்டி இருக்கும் அந்த மெல்லிய கறுப்புத் தகட்டில் அடித்தது. தகடு விரிசல் விட்டுவிட்டது. கண்பட்டுவிடக் கூடாது என்று உடைத்த காயே கண்ணாகப் பட்டுவிட்டதே என்று அக்கா முணுமுணுத்தாள். புதுத் தகடு விமானத்தில் வந்தது. அதன் விலைக்கு அந்தக் கோயிலுக்கு ஒரு வாசல் கதவே செய்து போட்டிருக்கலாம். விரிசல் விட்ட பழைய தகட்டை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? ரம்பம் வைத்து அறுத்து, துளை போட்டு, பட்டறையில் எல்லோருக்கும் சாவிக்கொத்து.

அன்றுதான் அக்கா முதல் தடவையாக அந்தக் காரில் உட்கார்ந்தாள். இருக்கை கணுக்கால் உயரத்தில் இருந்தது. முதலில் இடுப்பை உள்ளே விட்டு, பிறகு காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, புடவை கதவில் மாட்டி, இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். "இனி இந்தக் குழிக்குள்ள என்ன எறக்காதீய" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போனாள்.

அப்படி ஒரு காரை வைத்திருப்பது என்றால் என்னவென்று கிட்டத்திலிருந்து பார்த்துவிட்டேன். அது சும்மா நின்றாலும் செலவு. ஓட்டாமல் விட்டால் பாட்டரி இறங்கிவிடும் என்று எந்நேரமும் ஒரு ஒயரை மாட்டி வைத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே டயருக்கு வயதாகிவிடும். ஆயில் மாற்றுவதற்கு வெளியூரிலிருந்து மெக்கானிக் விமானத்தில் வருவான், அவனுக்கு ஓட்டல் அறை எடுக்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் போர்வைக்குள் கிடக்கும். செம்பூர் கட்டடத்தின் வாசல் சரிவில் அடிவயிறு இடிக்கும் என்று, அவர் புறப்படும்போதெல்லாம் வாட்ச்மேன் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து போட வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியபடி வேகத்தடை வேகத்தடையாக, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போவதுபோல, அவர் அந்தக் காரைக் கூட்டிப் போவார்.

போகிற இடத்திலும் நிம்மதி இல்லை. கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் நின்றால் நாலு பக்கமும் போன் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பெண் பார்க்கும்போது நடுவில் உட்கார்த்தி வைத்த பெண்ணைப்போல அண்ணாச்சி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி நெரூலில் இருக்கும் அவர் மகள் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து, "இதப் போட்டுக்கிடுங்கப்பா, காரு ஓனரு மாதிரி இருங்க" என்றாள். அப்படி இருக்கத்தான் அவருக்கு வரவில்லை. இதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி, பெரிய ஓட்டலில் டிபன் சாப்பிடுவது வழக்கம். இரண்டு தடவை போனார். திரும்பி வந்து, "ஒருத்தன்கூட தட்டக் காலி பண்ணலை மாமி" என்றார். பிறகு போகவில்லை.

அவர் தனியாக ஓட்டியது செம்பூரிலிருந்து தெற்கே போகும் ஃப்ரீவேயில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏறி, அதன் கடைசி வரை போய்த் திரும்பி வருவார். அதிலும் எண்பதுதான் அனுமதி. எண்பதுக்கு மேல் அவர் போனதில்லை. சட்டத்துக்குப் பயந்தவர்.

ஒருநாள் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று சொன்னார்.

"மாமி, அந்தக் காருல நான் தின்னது ஒரு ஓரம்தான். மிச்சமெல்லாம் அப்படியே எலையில கெடக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முந்நூற்றைம்பதில் எண்பது போக இருநூற்றெழுபது. அது அவரை வைதுகொண்டிருந்தது. காசு போனதை அவர் ஒரு நாளும் சொல்லி வருந்தியதில்லை. வாங்கிய வேகம் செலவாகாமல் கிடப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கண் போக ஆரம்பித்தது. சர்க்கரை விழித்திரையைத் தின்றுவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணுக்கு லேசர் வைத்தும் நிற்கவில்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் அக்காவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அண்ணாச்சி தலையாட்டினார். ஆனால் வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டறையில் சுவரை ஒட்டியே நடப்பார். தோலில் ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பார்ப்பார். நான் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினால், "எங்கன?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நீங்களே கைய வச்சுக் காட்டுங்க, எனக்கு வேல கெடக்கு" என்று சலித்துக்கொள்வார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு நவம்பர் காலையில் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மலைக்கு அங்கிட்டு ஒரு பிரைவேட் ஏர்ஸ்டிரிப் இருக்காம். ப்ளேன் ஓடுத பாதை. காருக்காரங்களுக்கு வாடகைக்கு விடுதானாம். ஒரு காலைப்பொழுதுக்கு எடுத்துருங்க. காரக் கொண்டுபோக லாரியும் சொல்லிருங்க."

"யாரு ஓட்டப் போறா?"

"இது என்ன கேள்வி?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குக் கண்ணு தெரியலை. நேக்குத் தெரியும், அக்காக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். இதுக்கு நான் ஃபோன் பண்ண மாட்டேன். வேற யாரானும் பண்ணட்டும்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மேஜைமேல் இருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேர் ரோடு மாமி. வளைவு கெடையாது, ஆளு கெடையாது, மாடு கெடையாது. மிதிச்சா போதும். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு இந்த எடது கண்ணுல. அதுவும் போனப்பொறவு அந்தக் கார நான் என்னத்தச் செய்ய? தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

விஷயம் காதில் விழுந்து, அன்று சாயங்காலம் அக்கா ஆபீஸுக்கே வந்துவிட்டாள். என்னிடம் முறையிடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் அறைக்குள் போய், கதவைக்கூடச் சாத்தாமல் நின்றுகொண்டு பேசினாள்.

"ஏங்க, போறதுன்னா போவோம். ஆனா நானும் ஏறுவேன்."

"ஒனக்கு எதுக்குட்டி? அந்தக் குழிக்குள்ள எறங்க மாட்டேன்னேல்லா?"

"இப்ப எறங்குதேன். ரெண்டு சீட்டு இருக்குல்லா அதுல? ஒண்ண ஏன் மிச்சம் வைக்கணும்?"

அவரை அவருடைய சொல்லாலேயே கட்டிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். மனைவியை ஏற்றிக்கொண்டு போக எந்த மனிதன் துணிவான்? அண்ணாச்சி மேஜைமேல் கிடந்த ஒரு தோல் துணுக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வா" என்றார்.

அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். "ஏன் அக்கா இப்படிப் பண்ணேள்?" என்றேன். "நான் தடுத்தா அவுக யாருக்கும் தெரியாம வேற ஆள வச்சு ஏற்பாடு பண்ணிப் போவாக. போயி என்னவாச்சும் ஆனா, தனியால்லா கெடப்பாக" என்றாள். தொலைபேசியை எடுத்து, ஓடுபாதைக்கும் லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொன்னேன். ஆம்புலன்ஸ் அந்த இடத்துக்காரர்களின் விதியாம். அந்த விதி இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன்.

டிசம்பரில் ஒரு காலை. சுற்றிலும் காய்ந்த புல், நடுவில் கறுப்பாக நீண்டு கிடக்கும் ஓடுபாதை, அந்தக் கோடியில் ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் மலை. லாரியிலிருந்து காரை இறக்கினார்கள். வாடகைக்கு விடும் இடத்தின் ஆள், மராட்டிக்காரர், கையில் கொடியும் வாக்கி டாக்கியுமாக வந்து விளக்கினார். பாதி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, பழகாதவர்கள் அங்கேயே மிதிப்பதை விட்டுவிட வேண்டும். முழு வேகத்துக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டியும் கொஞ்சம் மிதிக்கலாம். சிவப்புக் கோடு வந்தால் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். தவறினால் வேலி.

"சமஜ்லா கா, சேட்?" என்று, புரிந்ததா எனக் கேட்டார்.

"வெள்ளைக் கோடு, செவப்புக் கோடு. சமஜ் கயா" என்றார் அண்ணாச்சி.

அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார் என்று நான் கவனித்தேன். கொடிக்காரருடைய குரல் வந்த பக்கம். கோடு இருந்த பக்கம் இல்லை.

அக்காவுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டேன். கொண்டையில் வைத்திருந்த மல்லிகை நசுங்கியது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள். இடுப்பை உள்ளே விட்டு, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, புடவையை மடியில் சுருட்டிக்கொண்டாள். நான் குனிந்து பெல்ட்டைப் பூட்டினேன். அண்ணாச்சி முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். "போய்ட்டு வாறோம் மாமி" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றேன்.

கொடி இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. செம்பூரில் ஸ்டார்ட் செய்தால் உறுமும், அவ்வளவுதான். இது வேறு. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்குள் வந்து அடித்தது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் கார் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. அந்தச் சாம்பல் நிறம் தார் நிறத்தோடு கலந்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. குருவாயூரப்பா, குருவாயூரப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி நான் அதைக் கண்டது இரண்டு சிவப்பு விளக்குகளாகத்தான். சத்தம் தணிந்துகொண்டே வந்தது. வெள்ளைக் கோட்டுக்கு அருகில், ஓடுபாதையின் நடுவில், கார் நின்றிருந்தது.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். முதுகு இருக்கையோடு ஒட்டிப்போய், மூச்சு எடுக்க முடியாமல், அவள் ஒரு கையால் கதவைப் பிடித்திருந்திருக்கிறாள். அண்ணாச்சி மிதித்துக்கொண்டே, "கோடு வந்துட்டா?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குக் குரல் வரவில்லை. "ஏட்டி, கோடு வந்துட்டா? சொல்லு, எனக்குத் தெரியலை" என்று கத்தியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தனக்கு ஒன்று தெரியவில்லை என்று அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன கையோடு காலை எடுத்துவிட்டார்.

கார் நின்றதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஒன்னயும் கொன்னுருப்பேன்" என்றார். "கண்ணு போயிருச்சுட்டி" என்றார். டாக்டர் சொன்னபோது தலையாட்டி, நான் சொன்னபோது மழுப்பி, சுவரை ஒட்டி நடந்து மறைத்த அந்த விஷயத்தை, தன் வாயால் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார்.

இது எதுவும் தெரியாமல் நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஆம்புலன்ஸ் புறப்பட்டுப் போய், வேண்டாம் என்று கையசைத்துத் திருப்பி அனுப்பப்பட்டு வந்தது. டிரைவர் இறங்கி, யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்.

தூரத்தில் காரின் இரண்டு கதவுகளும் திறந்தன. முதலில் அண்ணாச்சி இறங்கினார். காரைத் தடவிக்கொண்டே சுற்றி அந்தப் பக்கம் போய், குனிந்து, அக்காவைத் தூக்கிவிட்டார். அவள் புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். இருவரும் எங்களை நோக்கித் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் திரும்பவில்லை. அக்கா கையை நீட்டினாள். அவர் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மலை இருந்த பக்கம், ஓடாமல் விட்டுப்போன பாதி ஓடுபாதையில், மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள்.

கொடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், காடி பீச் மே கடி ஹை. யே லோக் உதர் கிதர் ஜா ரஹே ஹை? வாபஸ் புலாவோ" என்று, நடுவில் நிற்கும் காரை விட்டுவிட்டுப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி என்னிடம் பதறினார்.

நடை மிகவும் மெதுவாக இருந்தது. நடுவே ஓரிடத்தில் அக்கா நின்று தரையில் எதையோ காட்டினாள். வெள்ளைக் கோடாக இருக்கலாம். அவர் செருப்பால் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ரெஹ்னே தோ, பையா" என்று ஹிந்தியில் அவரைத் தடுத்தேன். "நாங்க எடுத்த டைம் இன்னும் பாக்கி இருக்கு."